லலிதாம்பாளின் இருபத்தாறாம் தேதி

என் மனைவி லலிதாம்பாளைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அவளிடம் கேட்டால் "உங்களுக்கு வேற வேலை இல்லையா" என்பாள். ஆனால் 1999 ஏப்ரலில், மைசூர் கிருஷ்ணமூர்த்திபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு புதன்கிழமை மத்தியானம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. அதனால் எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் வைத்யநாதன். அசோகபுரம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்தவன். லலிதா என்னைக் கல்யாணம் செய்துகொண்டு மைசூருக்கு வந்தபோது டைப்ரைட்டிங் ஹையர் சர்டிபிகேட் ஒன்றைக் கொண்டுவந்தாள். இருபத்துச் சொச்சம் வருடம் அது பீரோவில் தூங்கியது. பிள்ளை வினய் புனேயில் வேலைக்குச் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கி அனுப்பியதும், நாற்பத்தாறு வயதில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆறே மாதத்தில் முன்னறை கடையாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை, வேலைக்கான விண்ணப்பம், மானசகங்கோத்ரி பல்கலைக்கழக மாணவர்களின் ஆராய்ச்சிக் கட்டுரை, எல்லாம் அவள் அடித்தாள். தெருவில் அவளுக்குக் 'கம்ப்யூட்டரம்மா' என்று பெயர் விழுந்தது. என்னைக் 'கம்ப்யூட்டரம்மா யஜமானரு', அதாவது அவள் புருஷன், என்றார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் மடி, ஆசாரம் எல்லாம் என் அம்மாவோடு போயிற்று என்று நினைத்திருந்தேன். அது கம்ப்யூட்டர் வழியாகத் திரும்பி வந்தது. ஃபிளாப்பி வழியாக வைரஸ் வரும் என்று வினய் ஒரு தடவை சொல்லிவிட்டான், அவ்வளவுதான். வாசல் ஜன்னலில் ஒரு அலுமினியப் பெட்டி வந்து உட்கார்ந்தது. வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட வேண்டும், ஃபிளாப்பியைப் பெட்டியில் விட வேண்டும். காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்தால் அடித்துத் தருவாள். "பத்துப் பக்கம்தானே அம்மா, இதுலயே இருக்கு" என்று ஃபிளாப்பியை நீட்டினால், நூறு பக்கமானாலும் நான் அடிக்கிறேன், அது உள்ளே வரக்கூடாது என்பாள். கம்ப்யூட்டரைத் திறக்கும் ரகசியச் சொல்லைப் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் மாற்றுவாள். எனக்கே சொல்ல மாட்டாள். "உங்க வாய்ல தங்காது" என்பாள். உண்மைதான்.

இதில் ஒரே ஒரு விலக்கு இருந்தது, அந்த விலக்கைக் கொண்டுவந்தவன் நான். என்னோடு வேலை பார்த்த ஒரு மேல்கோட்டைக்காரரின் உறவுப் பையன் பஞ்சாங்கப் புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தான். ஒவ்வொரு யுகாதிக்கும் அடுத்த இரண்டு வருடக் கணக்கைப் போட்டு ஃபிளாப்பியில் அனுப்புவார்கள். அதை மேல்கோட்டைப் பெருமாள் சந்நிதியில் வைத்து, உறையில் குங்குமமும் துளசி இதழும் போட்டு என் கையில் கொடுப்பார் நண்பர். லலிதா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேராகக் கம்ப்யூட்டரில் சொருகுவாள். சாமி சமாசாரத்தை யார் சோதிப்பார்கள்?

அந்தப் புரோகிராமில் ஒரு குறை. அது இன்றைய பஞ்சாங்கத்தை மட்டும்தான் காட்டும். கம்ப்யூட்டர் கடிகாரத்தில் என்ன தேதியோ அந்த நாளின் திதி, நட்சத்திரம், ராகுகாலம். பையன் அவ்வளவுதான் எழுதியிருந்தான். வேறொரு நாளைப் பார்க்க வேண்டுமென்றால் லலிதா கடிகாரத்தின் தேதியையே மாற்றிவிடுவாள். தை மாதம் முகூர்த்தம் வேண்டுமா, கம்ப்யூட்டரைத் தைக்குக் கொண்டுபோவாள். பார்த்து முடித்துத் திரும்ப இன்றைக்குக் கொண்டுவந்து விடுவாள். தெருவில் பாதிக் கல்யாணத்துக்கு அவள்தான் இப்படி நாள் பார்த்துக் கொடுத்தாள்.

ரூபா எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த வருடம் ஜனவரியில். இருபத்தேழு வயது. அப்பா பழனிமுத்து கொத்து வேலை. சேலம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அந்த வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் ரூபாதான். பட்டுப்புழு நோய்களைப் பற்றிய ஆராய்ச்சி. கொள்ளேகால் பக்கம் புழு வளர்க்கும் வீடுகளில் நாலு வருடம் அலைந்து சேர்த்த விவரம் எல்லாம் கையெழுத்தில் எழுநூறு பக்கம். ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள் கட்டுரையைக் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவே ரத்தாகிவிடும். மறுபடி முதலிலிருந்து என்றால் அவளால் முடியாது. அதற்குள் அவளைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

லலிதா எல்லாவற்றையும் அடித்தாள். அடித்து முடித்த அத்தியாயத்துக்குக் கையெழுத்துப் பக்கம் எதற்கு என்று ரூபா பழைய தாள்களை எடைக்குப் போட்டுவிட்டது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். புது ஃபிளாப்பி ஒரு பெட்டி வாங்கிப் பையிலேயே வைத்துக்கொண்டு, "மாமி, இதுல ஒரு காப்பி எடுத்துக் கொடுங்களேன்" என்று அவ்வப்போது கேட்பாள்.

"கொடுத்தா நீ அதைத் திருத்திண்டு மறுபடி எங்கிட்டயே கொண்டு வருவே. எல்லாம் முடியட்டும், அச்சடிச்சுத் தரேன்" என்பாள் லலிதா.

ஏப்ரல் இருபத்துநாலு, சனிக்கிழமை. போன் இருந்த பக்கத்து வீட்டு கௌரம்மா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். வினய் பேசினான். வருகிற திங்கட்கிழமை, இருபத்தாறாம் தேதி, கம்ப்யூட்டரைத் தொடாதே அம்மா, செர்னோபில் என்று ஒரு வைரஸ் இருக்கிறது, வருஷா வருஷம் ஏப்ரல் இருபத்தாறு அன்றுதான் அது முழித்துக்கொள்ளும், உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடும், மெஷினே மறுபடி எழுந்திருக்காது என்றான்.

திங்கட்கிழமை லலிதா பிளக்கைப் பிடுங்கி, கம்ப்யூட்டர் மேல் ஒரு பட்டுத் துண்டைப் போர்த்தி வைத்தாள். திருத்தங்களோடு வந்த ரூபாவை வாசலிலேயே நிறுத்தினாள். "இன்னிக்கு மெஷினுக்கு லீவு." ரூபாவின் முகம் தொங்கிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. முப்பதுக்கு நாலே நாள் இருந்தது.

மறுநாள் பேப்பரில் பார்த்தால் ஊர் ஊராகக் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சமர்த்தாகத் திறந்துகொண்டது. லலிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. சேமியாப் பாயசம் வைத்து கௌரம்மா வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். "அடுத்த வருஷம் வரைக்கும் கவலை இல்லை" என்றாள். நானும் இரண்டு தம்ளர் குடித்தேன்.

புதன்கிழமை மத்தியானம் ரூபாவின் கடைசித் திருத்தங்கள் முடிந்தன. சாயங்காலம் அச்சடிக்க ஆரம்பிப்பதாக ஏற்பாடு. அப்போதுதான் கௌரம்மா பாயசக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வெறும் கிண்ணமாகக் கொடுப்பாளா, அதில் ஒரு விண்ணப்பமும் இருந்தது. மகளுக்கு நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை ராணுவத்தில். அடுத்த வருடம் ஏப்ரல் கடைசி வாரம்தான் அவருக்கு லீவு. ஒரு நாள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

"உட்காருங்கோ" என்றாள் லலிதா. ரூபா பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

கடிகாரத்தைத் திறந்து வருடத்தை இரண்டாயிரம் ஆக்கினாள். ஏப்ரல் இருபத்துமூன்று, ஞாயிறு. புரோகிராமைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இருபத்துநாலு, திங்கள். நட்சத்திரம் பெண்ணுக்கு ஒத்துவரவில்லை. இருபத்தைந்து செவ்வாய், வேண்டவே வேண்டாம். "புதன் பார்ப்போம்" என்று காலண்டர் கட்டத்தில் இருபத்தாறைச் சொடுக்கினாள். அந்தக் கட்டம் நீலமாயிற்று. இனி கீழே 'ஓகே' என்ற பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் கம்ப்யூட்டருக்கு அன்று ஏப்ரல் இருபத்தாறு.

மௌஸின் அம்பு அந்தப் பொத்தானுக்கு மேல் வந்து நின்றது. லலிதாவின் விரல் எழும்பியது. அப்படியே நின்றுவிட்டது.

"ஏன்னா" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"என்ன?"

"வினய் என்ன சொன்னான்? வருஷா வருஷம்னு சொன்னானோல்லியோ?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. திங்கட்கிழமை முழுக்கத் துண்டு போட்டு மூடி வைத்தோம், ஊருக்கே வந்துபோன இருபத்தாறு எங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று பாயசம் குடித்தோம். இப்போது அதே தேதியை இவள் தன் கையாலேயே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துக்கொண்டிருக்கிறாள். யுகாதியிலிருந்து எத்தனையோ பேருக்கு நாள் பார்த்தாள். ஏப்ரல் இருபத்தாறைக் கேட்டவர்கள் யாரும் இல்லை, அதனால் பிழைத்தோம்.

நான் பிளக்கைப் பிடுங்கப் போனேன். "தொடாதேள்" என்றாள். விரலை அழுத்தாமல் அம்பை மெள்ள நகர்த்தி 'கேன்சல்' பொத்தானுக்குக் கொண்டுபோனாள். அவ்வளவு தூரமும் மூன்று விரற்கடைதான். நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை. அழுத்தினாள். நீலக் கட்டம் மறைந்தது. பிறகு மறுபடி திறந்து, வருடத்தை 1999 ஆக்கி, இருபத்தெட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாள்.

"ஏனு ஆயிது, என்ன ஆச்சு லலிதம்மா? என் பொண்ணு கல்யாணம்?" என்றாள் கௌரம்மா.

"கொஞ்சம் இருங்கோ" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட லலிதாவுக்கு அடுத்த நிமிஷமே பழைய மிடுக்கு வந்துவிட்டது. "அழுத்தியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. இந்த மெஷினுக்குள்ள எந்தக் குப்பையும் வந்ததில்லை."

ரூபா எழுந்து நின்றாள். "மாமி, இப்பவாவது காப்பி எடுத்துக் கொடுங்க. எங்கிட்ட வேற எதுவும் இல்லை. எழுதின பேப்பர்கூட இல்லை."

"ஏண்டி, நாலு மாசமா நான் யார் ஃபிளாப்பியையும் உள்ள விட்டேனா? நீயே பார்த்திருக்கியோன்னோ?"

"அது சரி மாமி. புழு வளர்க்கிற வீட்லயும் அப்படித்தான். யார் உள்ள வந்தாலும் மருந்துத் தண்ணியில காலைக் கழுவச் சொல்வாங்க. ஆனா ஒரு வியாதி முட்டையிலயே வந்துடும். முட்டை நம்ம கையால நல்ல இடத்துல வாங்கினது இல்லையா, அதை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அப்புறம் புழு மொத்தமும் போயிடும். காலைக் கழுவி என்ன மாமி பண்றது?"

நல்ல இடத்தில் வாங்கியது என்று ரூபா சொன்னதும் எனக்கு அந்தக் குங்கும உறை ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். என் கையால் கொண்டுவந்தது, என் நண்பர் கொடுத்தது, சந்நிதியில் வைத்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"மேல்கோட்டை" என்றேன்.

லலிதா என்னை முறைத்த முறைப்பில் வேறொருவன் என்றால் எரிந்துபோயிருப்பான். "பெருமாள் பிரசாதத்தைப் போய் அப்படிச் சொல்றேளே. யுகாதிக்கு அதுல ஒரு பிரதி எடுத்து என் தம்பிக்கும்தான் அனுப்பினேன். அவன் ஏதாவது சொன்னானா?"

"கேட்டுப் பார்த்துடலாமே" என்றேன்.

கௌரம்மா வீட்டுக்கு நாலு பேருமாகப் போனோம். லலிதாவின் தம்பி கொள்ளேகாலில் பட்டுப்புடவைக் கடை வைத்திருந்தான். புடவை டிசைன் போட அங்கே ஒரு கம்ப்யூட்டர் உண்டு. லைன் கிடைக்க மூன்று தடவை சுழற்ற வேண்டியிருந்தது. லலிதா குசலம் விசாரிக்கக்கூட இல்லை. "உன் கம்ப்யூட்டர் எப்படிடா இருக்கு?" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ரிசீவரை வைத்துவிட்டு எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்:

"திங்கக்கிழமை காத்தால போயிடுத்தாம். ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வரலையாம். கரண்டு ஏறி இறங்கினதுல போச்சுன்னு நினைச்சுண்டிருக்கான். நான்தான் அனுப்பியிருக்கேன்."

அதற்குப் பிறகு அவள் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. நான் வாசலுக்கு வருவதற்குள் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "ரூபா, எடுடி உன் பெட்டியை" என்றாள். நாலு மாதம் பையில் அடைந்து கிடந்த ஃபிளாப்பிப் பெட்டி முதல்முறையாக அந்த அறைக்குள் வந்தது. ஆறு அத்தியாயம், படங்கள், அட்டவணைகள். முதல் ஃபிளாப்பி சரியாக ஏறியது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவது கரகரவென்று சத்தம் போட்டுவிட்டு, படிக்க முடியவில்லை என்று திரையில் சொன்னது. லலிதா அதைத் தூக்கி மூலையில் எறிந்தாள். "அடுத்தது." ரூபா திரையின் ஓரத்தில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை எடுத்தால் அது தேதியை மாற்றிவிடும் என்று பயந்தவளைப் போல. கௌரம்மா என்ன நடக்கிறது என்று முழுக்கப் புரியாமலே சாமுண்டியம்மனை வேண்டிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது அத்தியாயம் ஒரு ஃபிளாப்பியில் கொள்ளவில்லை. அதை இரண்டாகப் பிரித்து இரண்டு ஃபிளாப்பியில் போட்டாள். நான் ஒவ்வொன்றிலும் எண் எழுதி அடுக்கினேன். எண் எழுதுவது ஸ்டோர்ஸ் குமாஸ்தாவுக்குச் சொல்லித் தர வேண்டாம்.

மொத்தம் எட்டு. ரூபா அவற்றை என் டிபன் டப்பாவில் போட்டு மூடிக்கொண்டு ஆட்டோவில் பறந்தாள். அவளுடைய துறையில் இருந்த வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். கட்டுரையில் வைரஸ் ஒட்டாது, புரோகிராம்களில்தான் ஒட்டும் என்று போனில் வினய் சொல்லியிருந்தான், இருந்தாலும் நிச்சயம் என்று யாருக்குத் தெரியும். நாங்கள் கௌரம்மா வீட்டுக் கூடத்தில் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். அரை மணி, முக்கால் மணி. மணி அடித்தபோது அவளே எடுத்தாள்.

"எல்லாம் திறக்குது மாமி. ஆறு சாப்டரும் இருக்கு. கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்துட்டேன்."

லலிதா போனைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதுவிட்டாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் அழுது நான் பார்த்தது மூன்றாவது தடவை. கௌரம்மா மகளுக்கு அச்சிட்ட பத்து வருடப் பஞ்சாங்கத்தைப் புரட்டி நாள் குறித்துக் கொடுத்தோம்.

புது மருந்துப் புரோகிராமோடு ஒரு ஆள் மறுநாள் வந்து பார்த்தான். எங்கள் மெஷினுக்குள் இருபத்துமூன்று இடத்தில் அந்த வைரஸ் குடியிருந்தது. எல்லாவற்றையும் கழுவிவிட்டான். கம்ப்யூட்டரோடு வினய் அனுப்பியிருந்த, வைரஸைச் சோதிக்கும் புரோகிராம் இரண்டு வருடப் பழசாம், அதற்கு இந்த வைரஸைத் தெரியவே தெரியாதாம். மேல்கோட்டை நண்பருக்கு நான் விவரமாகக் கடிதம் எழுதினேன். கொள்ளேகால் தம்பியிடம் லலிதாவே பஸ் ஏறிப் போய், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

முப்பதாம் தேதி மத்தியானம் ரூபா கட்டுரையைக் கொடுத்துவிட்டு, மைசூர்பாகு டப்பாவோடு வந்து லலிதாவை நமஸ்கரிக்கக் குனிந்தாள். லலிதா அவள் தோளைப் பிடித்துத் தடுத்தாள்.

"எனக்கு நமஸ்காரம் பண்ணாதே. என் மெஷின் என் மெஷின்னு நான் பெருமைப்பட்டுண்டு, உன் நாலு வருஷத்தை ஒரே பெட்டியில வெச்சுப் பூட்டியிருக்கேன். அன்னிக்கு விரல் பட்டிருந்தா, நீ என்னை ஒரு வார்த்தை சொல்லாம அழுதுண்டே போயிருப்பே. அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வரலை."

ரூபா மைசூர்பாகை அவள் வாயில் ஊட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை லலிதா என்னையும் இழுத்துக்கொண்டு ரூபாவின் வீட்டுக்குப் போனாள். கையில் எட்டு ஃபிளாப்பிகள், புதிதாக வாங்கிப் பிரதி எடுத்துச் சோதித்தவை, ஒரு எவர்சில்வர் டப்பாவில். இனி எதுவும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது, இரண்டு வீட்டில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். பழனிமுத்து வாசலில் நின்றிருந்தார். கையெல்லாம் சிமென்ட் தின்ற வெடிப்பு. எங்களைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

"இது உங்க பொண்ணு எழுதின புஸ்தகம். இன்னொரு பிரதி. இதை நீங்க பத்திரமா வெச்சுக்கணும்" என்று லலிதா டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

அவர் இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்தார். பிறகு பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "பாப்பா சொல்லுமுங்க, உங்க வீட்ல இதையெல்லாம் யாரும் கிட்டக் கொண்டு வரக்கூடாதுன்னு. நான் தொடலாங்களாம்மா?"

லலிதாவின் முகம் சிவந்து போயிற்று. எனக்கும் சுருக்கென்றது. அவள் டப்பாவை அவர் கையில் வைத்து, தன் இரண்டு கையாலும் அவர் விரல்களை மூடிப் பிடித்தாள்.

"நீங்க தொடாம வேற யார் தொடறது" என்றாள். பிறகு அவர் காட்டிய ஸ்டூலில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.